காலையில் மட்டும் வரும் வலி

ஜூன் 3
ஆய்வகத்தில் எலி வேலை தொடங்கியது. சூடான தட்டில் எலியை விட்டு, எத்தனை வினாடியில் பாதத்தை நக்குகிறது என்று பார்த்து எடுத்துவிட வேண்டும். காலை ஏழு, பகல் ஒன்று, மாலை ஏழு. பாதி எலிகளுக்குத் தூக்கத்தோடு தொடர்புடைய பெப்டைடு என்ற சிறு புரதத் துண்டு ஊசி. வலியின் அளவு வேளைக்கு வேளை மாறுவதை அது என்ன செய்கிறது என்பதுதான் என் ஆய்வு. அதனால் காலைச் சமையல் மாமியார் பொறுப்பு என்று பேச்சு.

ஜூன் 5
மாமியால் காலையில் கரண்டியைப் பிடிக்க முடியவில்லையாம். சாயங்காலம் ஒரு கிலோ வெங்காயம் உரித்தார். பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

ஜூன் 12
ஸ்ரீரங்கத்தில் எலும்பு டாக்டர். மாலை நாலு மணி. விரலை மடக்கச் சொன்னார், மாமி மடக்கினார். "நல்லாத்தானே இருக்கீங்கம்மா? மனசுல ஏதாவது கவலையா?"
பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியதும் மாமி கேட்டார்: "நீயும் அப்படித்தான் நினைக்கிறியா?"
கைப்பையில் எதையோ தேடினேன்.

ஜூன் 13
குவைத்திலிருந்து என் கணவர் நவ்ஷாத் போனில். "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாருல்ல?"
"சொல்லிட்டாருங்க."

ஜூன் 21
ஊசி போடாத எலிகள் காலையில் ஆறு வினாடி, மாலையில் பதினொன்று. ஊசி போட்டவற்றுக்கு இரண்டு வேளையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். என் வழிகாட்டி லிசி மேடம், "இவ்வளவு வித்தியாசமா? தட்டு சரியா சூடாச்சா, மஹ்ஜபீன்?" என்றார். எலிக்காக ஒரு மணி நேரம் வாதாடினேன். அதே எலிதான் மேடம், அதே சூடுதான், வேளைதான் வேற என்று.
வீட்டுக்கு வரும் வழியில்தான் — சே. எலிக்கு மூணு வேளை பார்க்கிறேன். மாமியை நாலு மணிக்கு மட்டும் பார்த்தா எப்படி?

ஜூன் 22
காலை ஆறு. மாமியின் கைகளைப் பிடித்துப் பார்த்தேன். விரல் முட்டிகள் வீங்கி, தொட்டால் சூடு.
"எவ்வளவு நாளா மாமி?"
"ரமலானுக்கு முன்னாடியே சொன்னேனே."
சொன்னார்தான்.

ஜூன் 24
எட்டு மணிக்கே ஸ்ரீரங்கம் போய் நின்றோம். நர்ஸ், "பத்து மணிக்குத்தாங்க பார்ப்பாரு."
"பத்து மணிக்கு இந்த வீக்கம் இருக்காதுங்க."
நர்ஸ் போன் செய்ததில் டாக்டர் எட்டரைக்கே வந்து, முதலில் எங்களைக் கூப்பிட்டார். பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். "முன்னாடியே காலையில வந்திருக்கலாமே?" மாமி என் பக்கம் திரும்பவில்லை.

ஜூன் 28
முடக்குவாதம். மாத்திரை தொடங்கியாயிற்று. நவ்ஷாத்திடம் சொன்னேன். "அம்மாகிட்ட போனைக் குடு" என்றார்.

ஜூலை 2
மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி, இட்லி ஆறுது" என்றார்.

செப்டம்பர் 9
எழுந்தபோது ஆறரை. மாமி சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வட்டமாக இல்லை.
"வலிக்குதா மாமி?"
"கொஞ்சம். முடியலைன்னா சொல்றேன். நீ கிளம்பு."
கிளம்பினேன்.