நாம சேர்ந்து அழுத கதை

என் அண்ணனுக்கு,

சாப்பிட்டியா? போலீஸ் பூட்ஸ் இன்னும் காலைக் கடிக்குதான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க.

எங்க ஸ்கூல் லைப்ரரியில இருந்து நம்ம நாவலைத் தூக்கப்போறதா சொன்னாங்க. அதான், ஊரே தண்ணிக்கு வரிசையில நிக்கும், காவலாளிங்க சுடுவாங்களே, அதேதான்! பெற்றோர் கூட்டத்துல, "ஒரே ரத்தம், கொலை. பிள்ளைங்க கெட்டுப்போகும்"னு கத்தினாங்க. ஆன்லைன்ல அந்தக் கதைக்கு ரசிகர் குழுவே நடத்துறவ நான், சும்மா இருப்பேனா? மைக்கைப் பிடுங்கிட்டேன்.

"இதைப் படிச்சா யாரும் கெட்டுப்போக மாட்டாங்க. வரிசையில அந்தக் குட்டிப் பையன் செத்தப்ப எங்கண்ணன் தேம்பித் தேம்பி அழுதான். ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டான்"னு சொன்னேன். லைப்ரரி மேடம் கைதட்டினாங்க.

முன்வரிசையில இருந்த ஒருத்தர் போனை நீட்டி, "உங்கண்ணன் இவன்தானே பாப்பா?"ன்னு கேட்டார்.

மில் வாசல்ல ஸ்ட்ரைக் பண்ணவங்களை அடிக்கிற வீடியோ. கீழ விழுந்து கும்பிட்ட ஒரு அம்மாவை நீ மறுபடியும் அடிச்ச. எடிட் பண்ணதுன்னு சொல்ல வாயெடுத்தேன். ஆனா உன் முகம் எனக்குத் தெரியாதா?

மைக்கைக் குடுத்துட்டு உக்காந்துட்டேன். புத்தகத்தைத் தூக்கிட்டாங்க. யார்கூடவும் நான் சண்டை போடல.

லத்தியை ஓங்கினப்ப அந்தப் பையன் ஞாபகத்துக்கு வந்தானா? வரலைன்னா, நாம அழுததெல்லாம் வீண். வந்தும் நீ அடிச்சிருந்தா, எனக்கு அதைத் தெரிஞ்சுக்கவே பயமா இருக்கு.

அதனால பதில் போடாத. அம்மா இன்னும் அந்த வீடியோவைப் பாக்கல.

இப்படிக்கு,
நீ வாலுன்னு கூப்பிடுற தங்கச்சி