அம்மா அறைக்கு ஆள் வருகிறது

அக்கா,

மாட்டுக்கறியை வெங்காயம், மிளகோடு ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டேன். நீ மருந்துக்கடையிலிருந்து வருவதற்குள் பஞ்சாக வெந்திருக்கும். சும்மா சும்மா மூடியைத் திறக்காதே, சூடு போய்விடும். சோறு வைத்து, மேலே ஊற்றிச் சாப்பிடு.

அரிசி ஏற்கெனவே ஊறுகிறது. நான் ஊறவைக்கவில்லை. நீ கிளம்பிய பிறகு குளிக்கப் போனேன், வந்து பார்த்தால் மூன்று டம்ளர் களைந்து இருக்கிறது. அம்மா இறந்ததிலிருந்து நாம் இரண்டு டம்ளர்தானே போடுகிறோம்?

நேற்று நீ, “செத்தவங்களுக்கு எதுக்குடா தனி ரூம்? வாடகைக்கு விட்டுடலாம்” என்று கத்தியது சமையலறை வரை கேட்டிருக்கும் போல. எனக்குக் கோபம் ஆறிவிட்டது. மற்றவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

அறை பார்க்க அந்தத் தையற்காரர் சாயங்காலம் வருவார். அறைச் சாவி செருப்பு அலமாரி மேலே.

பி.கு.: வாசலைப் பூட்டும்போது குக்கர் மூடியைத் தூக்கி வைக்கிற சத்தம். உள்ளே ஓடிப் பார்த்தேன். கரண்டி ஈரம், உப்பு ஜாடி திறந்திருக்கிறது. நான் உப்பு போடவே மறந்திருந்தேன்.

இன்னொன்று: அவருக்கு அறையைக் காட்டும் முன் கதவைத் தட்டு. தட்டிவிட்டுக் கொஞ்சம் நேரம் கொடு.