அன்ரன் சொன்ன பெண்டு

சனிக்கிழமை, அக்டோபர் 1994

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. என் பழைய இராணுவ ரைபிள் ஒரு மாதமாக வலப்பக்கமே சுட்டுக்கொண்டிருந்தது. போன வாரம் துப்பாக்கி சுடும் கிளப்பில் நண்பர் அன்ரனிடம் காரணம் கேட்டேன். புரோசார்டிலுள்ள தன் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், காரில் ஏறியபடியே அவர் சொன்னது "பெண்டு பாப்பம்" என்று காதில் விழுந்தது. மெட்ராஸ்காரனான எனக்குப் பெண்டு என்றால் வளைவுதானே.

வீட்டுக்கு வந்து கழற்றினேன். குழல் நேராகத்தான் இருந்தது. அதைத் தாங்கும் மரக்கட்டைதான் வளைந்துபோய், நுனியில் குழலை ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டிருந்தது. வாரம் முழுக்க உப்புத்தாளால் தேய்த்தேன். "சாப்பாட்டு மேஜை பூரா மரத்தூள்" என்று மனைவி கமலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

இன்று சுட்ட ஐந்து குண்டும் காபி டம்ளரின் வாயளவுக்குள் அடங்கின. ஓடிப்போய் அன்ரனின் கையைப் பிடித்துக்கொண்டு, கழற்றாமலே வளைவை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் விழித்தார்.

"வளைவோ? நான் பேந்து பாப்பம் எண்டெல்லோ சொன்னனான். பிறகு பாப்பம் எண்டு."

இருவரும் சிரித்து ஓய வெகுநேரமானது. கிளம்பும்போது, டிரிகரும் கொஞ்சம் கனமாக இருக்கிறது, அதற்கு என்ன செய்யலாம் என்றேன்.

"நான் என்னவும் சொல்லுறன் அண்ணை. நீங்கள் பிழையா விளங்கிக்கொண்டு போய்ச் செய்யுங்கோ."