ஊறுகாய்ப் போத்தலுக்குள் ஒன்பது விளக்குகள்

மூன்று தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவியும் இந்தப் போத்தலில் தேசிக்காய் ஊறுகாய் மணம் போகவில்லை. சற்றுமுன் ஈயம் உருக்கிய புகையும் அதோடு சேர, வெள்ளவத்தையில் என் சமையலறை கொட்டாஞ்சேனையில் உன் வீடாகிவிட்டது. நீ செத்து எட்டு மாதம். செத்தவர்களுக்குக் கடிதம் எழுதும் ஆள் இல்லை நான். ஆனால் போத்தல் காயும்வரை வேறு வேலை இல்லை.

புறக்கோட்டைக் கடையில் ரேடியோக்களும் கெசட் பிளேயர்களும் குவிந்திருந்த ஒரே மேசையில் நாம் இரண்டு பேரும் ரிப்பேர் வேலை பார்த்தோம். எல்.ஈ.டி. என்றால் அதுவரை நமக்கு ரேடியோ வேலை செய்கிறது என்று காட்டும் சிவப்புப் பொட்டுத்தான். வெள்ளை நிறத்தில் ஒரு பைக்கற் வந்த அன்று ஒன்றை எரியவிட்டு நேராக உற்றுப் பார்த்தாய். பிறகு ஒரு நிமிடம் கண் தெரியாமல் மேசையைத் தடவிக்கொண்டே, "இது பொட்டு இல்லடி, லைட்!" என்று கத்தினாய்.

உன் அண்ணனின் ஓட்டோவில் இருந்து கழற்றிப்போட்ட பேட்டரி கடை வாசலில் கிடந்தது. "ஓட்டோவை ஸ்டார்ட் பண்ண ஏலாட்டி என்ன? ஒன்பது எல்.ஈ.டி.யை இது ஒரு கிழமை எரிக்கும்," என்றாய். மூன்று மூன்றாக மூன்று வரிசை, கரண்டைக் குறைக்க வரிசைக்கு ஒரு ரெசிஸ்டர். வெளிச்சம் குறைந்தால் தானாகப் பற்றவைக்க ஒரு சென்சர். எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். "வீட்டுக்கு வந்து பாருடி," என்றாய்.

உன் தோட்டத்துக்கு வந்த பிறகுதான் விளங்கியது. தோட்டம் என்றால் ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இருபது வீடு. கடைசியில், பைப்படிக்கு அப்பால், எல்லாருக்கும் சேர்த்து நாலு கக்கூஸ். ஒழுங்கையின் ஒரே கம்பத்தில் பல்ப் செத்து வருடக்கணக்கு. மாநகரசபைக் கந்தோருக்கு மனுக் கொடுத்தபோது உன் பெயரையும், தமிழ் ஆள் என்பதால் பொலிஸில் பதிந்தாயா என்பதையும் விசாரித்தார்களே தவிர பல்ப் வரவில்லை. அந்த இருட்டில் நிற்கும் ஆம்பிளைகளுக்குப் பயந்து பெண்கள் மாலை ஐந்து மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். கடையில் பின்னேரத் தேத்தண்ணியை நீ ஏன் தொடுவதில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு நாம் செய்த மடைத்தனம். விளக்கு வடிவாக இருக்கவேண்டும் என்று பிஸ்கற் டின்னுக்கு சாம்பல் நிறம் பூசி, எல்.ஈ.டி. முனைகளும் சென்சரும் மட்டும் வெளியே தெரிய மற்றதெல்லாவற்றையும் அதற்குள் மூடி, பேட்டரிக்கு வயரை ஒழுங்காக வெளியே எடுத்துச் சுவரில் ஆணியடித்தோம். கொழும்பில், யுத்த காலத்தில், இரண்டு தமிழ்ப் பெட்டைகள்! முதல் நாள் அழகாக எரிந்தது. அடுத்த காலை யாரோ பார்த்து, குண்டென்று பயந்து ஆமிக்கு அறிவித்துவிட்டார்கள். முழுத் தோட்டமும் றோட்டில் நின்றது.

"மேக மொகக்த?" என்று ஆமிக்காரன் கேட்டான். இது என்ன.

"லைட்," என்றாய். அவன் நம்பவில்லை. நான் உன் சட்டையைப் பிடித்து இழுக்க, நீ உதறிவிட்டுப் போய் சென்சரை உள்ளங்கையால் பொத்தினாய். பட்டப்பகலில் ஒன்பதும் பளிச்சென்று எரிந்தன. அவன் இரண்டடி பின்னால் பாய்ந்து, பாய்ந்ததற்கு வெட்கப்பட்டுச் சிரித்தான். அப்போதுதான் இரண்டாம் வீட்டு குசுமா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அபே லைட் எக, மஹத்தயா!" என்று கத்தினா. எங்கட லைட். அதையே தமிழச்சி நீ சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது. அது எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். பின்னேரம்வரை வாக்குமூலம் எடுத்துவிட்டு நம்மை விட்டார்கள். டின்னைத் தரவில்லை, உள்ளே இருந்ததைக் கழற்றித் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நீ ஊறுகாயைக் கோப்பையில் கொட்டிவிட்டுப் போத்தலைக் கழுவினாய்.

"இதுக்குள்ள போடுவம். எல்லாம் வெளியால தெரியட்டும்."

"ஏன், நாங்கள் என்ன கள்ளரே? பேக்கைத் திறந்து காட்டு, ஐடென்டிற்றியைக் காட்டு. இனி லைட்டின்ர குடலையும் காட்ட வேணுமோ?"

"கத்தி முடிஞ்சுதா?"

"இல்லை."

"சரி, கத்து. கோவத்தை வச்சிக்கிட்டு இருட்டுல கக்கூசுக்குப் போக ஏலாதடி. அந்த வயரைப் பிடி."

கத்திக்கொண்டே பிடித்தேன். ஆறரைக்குப் போத்தல் எரிந்தது. நீ குசுமா அக்காவிடம் பிளேன்ரீ வாங்கி, என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டு கோப்பை குடித்தாய்.

நாலு நாள் காய்ச்சலில் உன்னைக் கொண்டுபோனது ஒழுங்கைச் சாக்கடைக் கானில் பெருகிக் கடித்த நுளம்பு. உன் செத்தவீட்டுக்கு அடுத்த கிழமை கானைத் துப்புரவு செய்தார்கள். அதற்கு நான் கத்திய கத்தலை நீ கேட்டிருக்கவேண்டும்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். ஒரு வரிசை செத்திருந்தது, மற்ற இரண்டும் நின்று எரிந்தன. காலி வீதிக் கடைகளில் இப்போது குவித்து விற்கும் எமர்ஜென்சி லாம்பை வாங்கித் திறந்தேன். உள்ளே ஒரு ரெசிஸ்டர்கூட இல்லை. மூன்று மாதம் தாங்காது. "கரண்டைக் கொஞ்சம் குறைச்சுக் குடு, கன காலம் எரியும்," என்பாய். நான் உன் போத்தலில் செத்த வரிசையை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேட்டரியைச் சார்ஜ் பண்ணுவது குசுமா அக்காதான். இவ்வளவு நாள் வராததற்கு எனக்கு நல்ல ஏச்சும் கிடைத்தது.

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து விசாவுக்குக் காத்திருக்கும் பெண்கள் தங்கும் லொட்ஜ் ஒன்று இங்கே வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறது. அதன் பின்படிக்கட்டில் போன கிழமை ஒரு போத்தலை மாட்டினேன். மனேஜர் மூக்கைச் சுருக்கினார்.

"தங்கச்சி, ஊறுகாய் மணக்குது. ஒரு பெட்டிக்குள்ள வச்சால் வடிவா இருக்குமே?"

"வடிவாத்தான் இருக்கும் அண்ணை. ஆனால் போத்தல்தான்."

சென்சரை உள்ளங்கையால் பொத்திக் காட்டினேன். வாளியோடு இறங்கிவந்த ஒரு அக்கா விளக்கைப் பார்க்கவில்லை. வெளிச்சம் விழுந்த படியைப் பார்த்துக் காலை வைத்துப் போனா. இப்போது மேல்மாடிக்காரரும் ஒன்று கேட்கிறார்கள். அதற்குத்தான் இந்தப் போத்தல்.

நான் கத்துவதை விடவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே கத்துகிறேன், அவ்வளவுதான்.

மணி ஆறாகிறது. போத்தல் காய்ந்துவிட்டது. இரண்டாவது கோப்பை தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு தொடங்கப்போகிறேன்.