ஆர்லிஸ் வெளியே வந்த பாட்டு

அட்லாண்டா, 11 மார்ச் 1929

அன்புள்ள அம்மாவுக்கு, வெர்னா வணக்கத்துடன் எழுதுவது. இருமல் குறைந்ததா? நான் நலம்.

நேற்று நான் வேலை செய்யும் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ப்ரூயிட் என்றொரு பாடகர் வந்தார். முன்பின் பார்த்திராத மனிதர். அண்ணன் சுரங்கத்தில் இறந்தபோது நீ கட்டிய பாட்டை, ஆர்லிஸ் என்ற அவன் பெயரோடு, ஒத்திகை பார்த்தார். கடைசிச் சரணத்தில் ஆர்லிஸ் உயிரோடு வெளியே வந்தான்.

"அவன் வரலையே!" என்று கத்திவிட்டேன்.

"எங்க ஊர்ல எல்லாரும் அழுதாங்க பொண்ணே. அதான் நானே வர வெச்சுட்டேன். உனக்கு அவனைத் தெரியுமா?"

"என் அண்ணன்."

அவர் தொப்பியைக் கழற்றினார்.

பாட்டைப் பதியச் சூடாக்கி வைத்திருக்கும் மெழுகுத் தட்டில் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். ஒரு சரணம் போயாக வேண்டும்.

"கடைசியை வெட்டிடட்டுமா தங்கச்சி? நீ சொல்றதுதான்."

"மெழுகு ஆறுது! துக்கம் விசாரிச்சு முடிச்சாச்சா?" என்று இயந்திரக்காரர் கத்தினார்.

சுரங்க வாசலில் நீ காத்து நிற்கும் சரணத்தை வெட்டச் சொன்னேன்.

அண்ணனின் கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்பு. துவைக்க வேண்டாம்.

இசைத்தட்டு அங்கேயும் விற்பனைக்கு வரும். கேட்காதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். யாராவது போட்டால், கடைசிவரை இருந்து கேள் அம்மா.

தபால்காரர் நிற்கிறார்.

வெர்னா