மாவு போட்டு வைத்த சுரைக்குடுவை

க்ரீக் டவுன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அஃபியோங்குக்கு,

உன் கணவன் ஒரோக் எழுதுவது. இன்னும் கணவன் என்று போட்டுக்கொள்ளலாமா தெரியவில்லை, போட்டுவிட்டேன். உன் அண்ணன் எஃபியோம் வாசிக்க நீ கேட்டுக்கொண்டிருப்பாய். நான் இருக்கிறேன். பள்ளிக்கூடம் போகிறேன், வருகிறேன். சமையற்கட்டுக் கூரை ஒழுகுகிறது. உன் ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது.

எழுத்தறிவுக் கணக்கெடுக்க, வாத்தியார் என்ற முறையில் நானும் அதிகாரியோடு நம் வீட்டுக்கு வந்தபோது, உன் பெயருக்கு நேரே ‘எழுதப் படிக்கத் தெரியாது’ என்று நான்தான் எழுதினேன். “நான் எழுதினா நீங்க வாசிச்சிருவீங்களா?” என்று கேட்டாய். அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். மறுநாள் நீ இல்லை. மேசைமேல் நீ கோடு கீறிய சுரைக்குடுவை இருந்தது. கோபம் தணிந்தால் தானாக வருவாய் என்றிருந்துவிட்டேன். மிஷன் விடுதியில் வளர்ந்தவன் நான். அதைப் பூவேலை என்று நினைத்து மரவள்ளி மாவு போட்டு வைத்தேன். நான்கு மாதம் அதிலிருந்துதான் அள்ளித் தின்றேன்.

போன வியாழன் கருவாடு விற்கும் எமா வந்தாள். குடுவையைத் தூக்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். “அட மண்டு வாத்தியாரே! இது பூவேலை இல்ல, நம்ம ஊரு பழைய கோட்டெழுத்து. ரெண்டு வளைவு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது பாரு, நடுவுல கோடு. புருஷன் பெண்டாட்டி சண்டை. இது அண்ணன் வீடு. இது கிழங்கு அறுவடை. அறுவடை முடியறவரைக்கும் அண்ணன் வீட்டுல காத்திருக்கேன், வந்து கூட்டிட்டுப் போங்கன்னு எழுதியிருக்கா. படிக்கத் தெரியாதது யாருக்குங்கறேன்?” என்றாள். அறுவடை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. எனக்கு அழக்கூட வரவில்லை. மாவைக் கொட்டிவிட்டுக் குடுவையைக் கழுவி வைத்தேன்.

உன்னைப் பெண் கேட்டு வேறொருவர் பனங்கள் கொண்டுவந்திருக்கிறாராம். அடுத்த சந்தை நாளில் நீ அதை வாங்கிக் குடித்துச் சம்மதம் சொல்லப்போகிறாய் என்று படகுக்காரர் சொன்னார். “நாலு மாசமா எட்டிப் பாக்காதவனுக்கு இனிமே என்ன பேச்சு?” என்று எஃபியோம் கேட்டாராம். நியாயம்தான்.

சந்தைக்கு முந்தின நாள் காலையில் வந்து உங்கள் படித்துறையில் நிற்பேன். நீ கூப்பிடாமல் படியேற மாட்டேன்.

அண்ணா, நீங்கள் வாசித்தது போதும். தாளை அவள் கையில் கொடுங்கள். இரண்டு வளைவு, ஒன்றோடொன்று பின்னியது, கீழே போட்டிருக்கிறேன். எமாவிடம் திட்டு வாங்கி மூன்று நாள் பழகினேன். அதை அவளே வாசிக்கட்டும். கோடு கோணலாகத்தான் இருக்கிறது. இவன் இப்போதுதான் எழுதப் பழகுகிறான், பொறுத்துக்கொள் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள்.

ஒரோக்