நூல் பிடித்தாற்போல் ஒரு தடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை, நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். உன் பல்வலியைத் தள்ளிப்போடாதே, டாக்டரைப் பார். போனிலேயே சொல்லலாம்தான், நான் வாயைத் திறந்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள். பின்வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போனதிலிருந்து அங்கே புதர் மண்டிக்கிடக்கிறது, வீட்டுக்காரனிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது அம்மாடி.

நம்ம நாய் வாலு செத்ததை உனக்கு அன்றைக்கே சொன்னேன். நானே குழி தோண்டி நானே மண்ணைத் தள்ளினேன், உன் அம்மா பக்கத்தில் நின்று அழுதாள். இப்போது அவன் திரும்பி வந்துவிட்டான் என்கிறாள். பின்வாசலில் தட்டு வைக்கிறாள், காலையில் தட்டு காலி. ஏதோ தெருநாய் என்று விட்டிருந்தேன், பிறகு மனசு கேட்காமல், வேலையில் மிஞ்சிய மணலைச் சலித்து வாசலிலிருந்து வேலிவரை பரப்பிவைத்தேன். சிமென்ட் தரை போடுகிறவனுக்கு நாயின் கால் தெரியாமல் இருக்குமா, நான் பூசிவிட்டு டீ குடிக்கப் போன தரையில் நடக்காத நாய் உண்டா? அகலமாக, விரல் விரிந்து, நகம் மொத்தையாகப் பதியும். நேராகவும் போகாது, மூலையை மோந்து, திரும்பி, உட்கார்ந்து, என் பிழைப்பைக் கெடுத்துவிட்டுத்தான் போகும். மணலில் இருந்தது அப்படியில்லை. ஒடுங்கிய தடம், விரல்கள் நெருங்கி, நகம் ஊசியாக. முன்கால் வைத்த இடத்திலேயே பின்காலும் விழுந்து, நூல் பிடித்தாற்போல் ஒரே கோடு. இரண்டு கால் பிராணி ஏதாவது நடந்து வந்ததோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். அது நரி, அம்மாடி.

கால்நடை டாக்டரிடம் கேட்டேன். மனிதரைக் கண்டு ஒதுங்காத நரிக்கு வெறி பிடித்திருக்கலாம், கடித்தால் உயிருக்கே ஆபத்து என்றார். உன் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து தடத்தைக் காட்டினேன், நாய் இப்படி நேராக நடக்காது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவள் நிதானமாக, வழி மறந்தவன்தாங்க அங்கங்க மோந்து பாப்பான், வீடு ஞாபகம் இருக்கிறவன் நேரா வரமாட்டானா என்று கேட்டாள். தட்டை ஒளித்தால் தன் தட்டை வைக்கிறாள், கதவைப் பூட்டினால் சாப்பிடாமல் கிடக்கிறாள். மற்ற எல்லாவற்றிலும் தெளிவாகத்தான் இருக்கிறாள், நேற்றுகூட என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே என் தொப்பையைக் கிண்டல் செய்தாள். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது உன்னிடம் பேசினாளே, வாலு நிற்கிறான் கூப்பிடு என்றாளாம், நீயும் அவள் மனம் நோகக்கூடாதென்று கூப்பிட்டிருக்கிறாய். ஸ்பீக்கரில் உன் குரல் அடுப்படிவரை கேட்டது, சின்னவயதில் கூப்பிடுவாயே அதே இழுப்பு. உன்மேல் தப்பில்லை கண்ணு. ஆனால் என் பேச்சு அவளிடம் எடுபடவில்லை, நீ சொன்னால் கேட்பாள். வாலு செத்துப்போய்விட்டான் அம்மா என்று நீயே சொல்லிவிடு. அழுவாள், அழட்டும், உயிரோடு இருந்து அழட்டும்.

நோய்நொடி அண்டாமல் இரண்டு பேரும் நிறைந்து வாழவேண்டும், அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அவள் எவ்வளவு கெஞ்சினாலும் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடாதே. நீ கூப்பிட்ட மறுநாள் காலை மணலைப் போய்ப் பார்த்தேன். வேலியோரம் அந்தக் கோடு நின்றுபோயிருந்தது, நான்கு கால்களும் தனித்தனியாகப் பதிந்திருந்தன, உன் குரலை நின்று கேட்டிருக்கிறது. அதற்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், உன் அம்மாவின் வெறுங்கால் தடம்.

இப்படிக்கு,
உன் அப்பா